இரண்டு வருஷ நோட்டும் ஆறு மாத நோட்டும்

'கண்காணிப்பு' என்ற சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. 'ஒட்டுக்கேட்டல்' என்ற சொல்லுக்குள் சுவரோடு ஒட்டிய ஒரு காது இருக்கிறது. இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் போக்குவரத்தைக் கவனிப்பது பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு உறுப்புகளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். நான் வாசித்தவற்றை இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். ஒரு குவியல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் ஆரம்பித்து, பெரியண்ணன் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று முடியும். இன்னொன்று 'உங்கள் ரகசியத்தைக் காக்கப் பத்து வழிகள்' என்று ஆரம்பித்து, வி.பி.என். போட்டுக்கொள்ளுங்கள் என்று முடியும். முதலாவது பயமுறுத்துகிறது. இரண்டாவது ஒரு செயலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. எங்கள் ஊரில் இரண்டும் செல்லுபடியாகாது.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். எட்டயபுரத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற கரிசல் ஊர். மானாவாரி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனங்கள். நான் படித்து வெளியே போய் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். லீவுக்குப் போகும்போது சித்தப்பாவிடம் இந்த விஷயத்தைப் பேசினால் அவர் சிரிக்கிறார். "எய்யா, நம்மகிட்ட என்னத்தப் பாத்து அவன் என்ன செய்யப் போறான்? வெள்ளாமை போட்டதும் தெரியும், வீட்டு நகைய அடகு வச்சதும் தெரியும். ஊருக்கே தெரிஞ்சத கம்பெனிக்காரன் தெரிஞ்சுக்கிட்டாத்தான் என்ன?"

இந்தக் கேள்விக்கு ஆர்வெல் குவியலிலும் பதில் இல்லை, வி.பி.என். குவியலிலும் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து பதில் வேறு இடத்தில் இருக்கிறது. சேவை நிறுவனம் நம்மைப் பார்ப்பதும் கேட்பதும் ரொம்பக் குறைவு. அது செய்வது கணக்கு எழுதுவது.

கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் திறக்கும் தளங்களில் பெரும்பாலானவை எச்.டி.டி.பி.எஸ். என்ற பூட்டுக்குள் இருக்கின்றன. ஆகவே நீங்கள் வாசித்த பக்கத்தை, தட்டிய கடவுச்சொல்லை, அனுப்பிய வாட்ஸப் வரியைச் சேவை நிறுவனத்தால் வாசிக்க முடியாது. ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதை அதற்குத் தெரிவித்தாக வேண்டுமே. தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்கும் டி.என்.எஸ். விசாரணை, வழக்கமான அமைப்பில், நிறுவனத்தின் கணினிக்கே திறந்தபடி போகிறது. அப்புறம் உங்கள் உலாவி தளத்துக்குச் சொல்லும் முதல் வணக்கத்தில் அந்தத் தளத்தின் பெயர் இருக்கிறது. எஸ்.என்.ஐ. என்று சொல்லப்படும் அந்த வரி இன்றைக்கும் பெரும்பாலும் பூட்டு இல்லாமல்தான் போகிறது. பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியின் ஆய்வாளர்கள், ரிலையன்ஸ் ஜியோ தளங்களைத் தடுக்க இந்த வரியை எட்டிப் பார்க்கிறது என்பதை 2019-இல் சோதித்துக் காட்டினார்கள். தடுக்க வேண்டிய பெயரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கடந்துபோகும் எல்லாப் பெயரையும் இயந்திரம் பார்த்தாக வேண்டும்.

பெயரை விட்டுவிட்டாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த ஐ.பி. முகவரிக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணி வரை, எவ்வளவு டேட்டா, கைபேசியாக இருந்தால் எந்த டவர் வழியாக. இந்த வரிகளின் தொகுப்புக்கு ஐ.பி.டி.ஆர். என்று பெயர். அழைப்புகளுக்கு சி.டி.ஆர். இருப்பது மாதிரி இணையத்துக்கு இது.

இதை வைத்து என்ன தெரியும் என்பதற்கு ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்தரைக்கு வானிலைச் செயலி, புரட்டாசி முழுக்க. விதைப்பு. பத்து மணிக்கு நகைக்கடன் நிறுவனம் ஒன்றின் தளம், மூன்று நாள் தொடர்ந்து. மழை வரவில்லை. அடுத்த வாரம் குழந்தையின்மைச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் தளம். இரவு பதினொன்றே முக்காலுக்கு நாற்பது நிமிஷம் இரண்டு பக்கமும் சீராக ஓடும் சின்ன அளவு டேட்டா. அது பேச்சு, வீடியோ இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு படம் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் கஷ்டம், ஆசை, ஒளிவு எல்லாம் வரிசையாக எழுதப்பட்டுவிட்டன.

எழுதிய கணக்கை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? இதற்கான பதில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு வழங்கிய உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2013-இல் வந்த யூனிஃபைட் லைசென்ஸ் ஆவணத்தை நான் ஒரு பனுவலை வாசிக்கிற மாதிரி பலமுறை வாசித்திருக்கிறேன். இலக்கியப் பத்திரிகைகளில் இதற்கு யாரும் மதிப்புரை எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோரின் அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு விலாவாரியாகப் பேசும் வேறு நூல் கிடையாது.

அதில் தகவலின் ரகசியத்தன்மை பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழ் வரும் முதல் வாக்கியம், நிறுவனம் தன் வலையமைப்பில் மொத்தக் குறியாக்கக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பூட்டுக்கடை என்று பலகை மாட்டிவிட்டு, உள்ளே நுழைந்ததும் மொத்தமாகப் பூட்டு கிடையாது என்று சொல்வது மாதிரி. அதற்குப் பிறகுதான், ஆனாலும் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதும் அனுமதியில்லாத இடைமறிப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதும் நிறுவனத்தின் பொறுப்பு என்று வருகிறது. 'அனுமதியில்லாத' என்ற அந்தப் பெயரெச்சத்தைக் கவனியுங்கள். அந்தரங்கம் இங்கே வாடிக்கையாளரின் உரிமையாகப் பேசப்படவில்லை. உரிமம் கொடுத்தவரைத் தவிர வேறு யாரும் நுழையாமல் காவல் காக்கும் வேலையாகப் பேசப்படுகிறது.

பதிவுகளைப் பற்றிய விதி இன்னும் சுவாரசியமானது. அழைப்புப் பதிவுகளையும் ஐ.பி. பதிவுகளையும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2021 டிசம்பரில் அது குறைந்தது இரண்டு வருஷம் என்று திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு, வேறு உத்தரவு இல்லாவிட்டால், அழிக்கலாம். அழிக்க 'வேண்டும்' என்று இல்லை, அழிக்க'லாம்'. தமிழில் ஒரு விகுதி மாற்றம்தான். கீழ்வரம்பு இருக்கிறது, மேல்வரம்பு இல்லை.

இத்தனை பக்கங்களிலும் வாடிக்கையாளர் ஓர் எழுவாயாக வருவதேயில்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. உரிமம் தருபவர் உத்தரவிடுகிறார், உரிமம் பெற்றவர் பணிகிறார். பணம் கட்டுகிற நாம் செயப்படுபொருள்.

இங்கே எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பாரதி எட்டயபுரத்தில் பிறந்தது 1882 டிசம்பர் 11. இந்தியத் தந்திச் சட்டம் 1885-இல் வந்தது. அவரைவிட மூன்று வயது சின்னது. 1908-இல் அவர் புதுச்சேரிக்குப் போன பிறகு 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வராமல் தடுக்கப்பட்டது, கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன, உளவாட்கள் புதுச்சேரியிலேயே தங்கிக் குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகளில் பல இன்றைக்கும் இருக்கின்றன. சென்னை ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டி எடுத்துத்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்கள் பாரதியையும் எங்கள் பக்கத்து ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யையும் பற்றி நமக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களைச் சொன்னார்கள். உளவு பார்த்தவன் எழுதிய ஏட்டை, உளவு பார்க்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் வாசிக்கிறோம்.

பாரதி 1921-இல் போய்விட்டார். தந்திச் சட்டம் சுதந்திரத்தையும் தாண்டி, கைபேசியையும் தாண்டி வாழ்ந்தது. அதன் 5(2)-ஆம் பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனையின் பேரில் செய்திகளை இடைமறிக்க அரசை அனுமதித்தது. 1996 டிசம்பரில் பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்தரங்கத்தில் கைவைப்பது என்று சொல்லி, உள்துறைச் செயலாளரின் உத்தரவு, இரண்டு மாதக் கெடு, மொத்தம் ஆறு மாத உச்சவரம்பு, மறுஆய்வுக் குழு என்று வேலி போட்டது. அந்த வேலி 2007-இல் 419ஏ என்ற விதியானது. இணையத்துக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் 2009-இல் தனி விதிகள் வந்தன. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் அந்தப் பிரிவின்கீழ் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் கொடுத்தது. 1885-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 டிசம்பரில் இடைமறிப்புக்கான புதிய விதிகள் வந்தன.

இந்த விதிகள் எல்லாவற்றிலும் விடாமல் வருகிற ஒரு வரி உண்டு. இடைமறிப்பு உத்தரவு தொடர்பான ஆவணங்களை, வேலைக்குத் தேவைப்பட்டால் ஒழிய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும். இங்கே 'லாம்' இல்லை, 'வேண்டும்'. இதன் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஒருவரின் பேச்சுப் பதிவு அலுவலக அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடக்கக் கூடாது, சரி. ஆனால் பதிவோடு சேர்ந்து உத்தரவும் போகிறது. யாரை, யார், எந்தக் காரணத்துக்காகக் கேட்டார்கள் என்பதற்கான சாட்சியமும் போகிறது.

ஆக, நாம் எங்கே போனோம் என்ற நோட்டுக்குக் குறைந்தது இரண்டு வருஷ ஆயுள். நம்மை யார் கவனித்தார்கள் என்ற நோட்டுக்கு ஆறு மாதம். காலனிய அரசின் உளவேடு நூறு வருஷம் கழித்து நம் கைக்கு வந்தது. குடியரசின் உளவேடு அடுத்த தீபாவளிக்குள் இல்லாமல் போகலாம்.

மறுஆய்வுக் குழு இருக்கிறதே என்று கேட்கலாம். தனிநபர் தரவுச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த அறிக்கையிலேயே கணக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழுவின் முன் ஒவ்வொரு தடவையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வருகின்றன. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடி தேறாது.

இன்னொன்று. இந்த வேலியெல்லாம் உள்ளடக்கத்துக்குத்தான், அதாவது கண்ணுக்கும் காதுக்கும். சி.டி.ஆர்., ஐ.பி.டி.ஆர். என்ற கணக்கு நோட்டைக் கேட்க உள்துறைச் செயலாளரின் கையெழுத்து தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின் கீழ், இப்போது பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவின் கீழ், காவல்துறையின் எழுத்துபூர்வ ஆணை போதும். நம் கட்டுரைகள் காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் சட்டமும் காதுக்கு மட்டும் கதவு வைத்தது, நோட்டு திண்ணையில் கிடக்கிறது.

வேலி வேலை செய்த இடமும் உண்டு. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். சென்னைக் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநரின் கைபேசியை இடைமறிக்க 2011 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவை ரத்து செய்தார். லஞ்சக் குற்றம் ஒன்றைத் துப்புத் துலக்குவது 'பொது அவசரநிலை'யும் ஆகாது, 'பொதுப் பாதுகாப்பு'ம் ஆகாது என்றார். இடைமறித்த தகவல் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்பதும் ஒரு காரணம். நல்ல தீர்ப்பு. ஆனால் வருஷங்களைப் பாருங்கள், பதினான்கு. அவருக்கு விஷயம் தெரிய வந்ததற்குக் காரணம் அவர்மேல் வழக்குப் போட்டதுதான். வழக்குப் போடாமல் கவனித்துவிட்டு விட்டுவிட்டவர்களுக்கு என்றைக்கும் தெரிய வழியில்லை.

நோட்டைத் திறக்கிற கை அரசின் கையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 2015 ஜூனில் பெங்களூர் மென்பொருளாளர் ஒருவர், ஏர்டெல் 3ஜியில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது தான் எழுதாத நிரல் துண்டு ஒன்று பக்கத்துக்குள் செருகப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் தங்கள் டேட்டா பயன்பாட்டைத் தெரிந்துகொள்வதற்கான சோதனை முயற்சி என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. நிரலை எழுதிய இஸ்ரேல் நிறுவனமான ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ், வெளியிட்டவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்காவில் வெரைசான் தன் வாடிக்கையாளர்களின் இணையப் போக்குவரத்தில் அவர்கள் அறியாமல் அடையாளக் குறி ஒட்டியதற்கு 2016-இல் 13.5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. விளம்பரத்துக்காகச் செய்தது.

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வரலாம். ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

தெரியும்தான். ஆனால் ஊரில் பார்க்கிறவனை நமக்கும் தெரியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நம் வீட்டுக்கு யார் வந்தார் என்று எண்ணுகிறவரின் வீட்டுக்கு யார் வந்தார் என்று நாமும் எண்ணியிருப்போம். கணக்கு விஷயத்தில் ஊர் இன்னும் கறாரானது. பலசரக்குக் கடையில் பற்று வைத்தால் கடைக்காரரிடம் ஒரு நோட்டு, நம்மிடம் ஒரு நோட்டு. பால் சொசைட்டியில் ஊற்றினால் அங்கே பதிவேடு, இங்கே பால் அட்டை. பழைய ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்கினால் கடைப் பேரேட்டிலும் எழுத வேண்டும், கார்டிலும் எழுத வேண்டும். "ஒங்க நோட்டுல அப்படி இருக்கு, ஏன் நோட்டுல இப்படி இருக்கே" என்று மல்லுக்கு நிற்க முடியும். ஒரு கையில் மட்டும் இருக்கிற கணக்கைக் கரிசல்காட்டில் யாரும் கணக்கு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வட்டிக்குக் கொடுப்பவன்தான் அப்படி வைத்திருப்பான்.

அந்த ஒற்றை நோட்டு யார் யார் கைக்குப் போகும் என்பதும் தெரிந்த கதை. 2018 தொடக்கத்தில் தாணே போலீஸார், அழைப்புப் பதிவுகளைக் கள்ளத்தனமாக வாங்கி விற்றதாகத் துப்பறியும் ஆட்கள் சிலரைக் கைது செய்தார்கள். எங்கள் மாவட்டத்தில் யார் யாரோடு இரவில் பேசுகிறார்கள் என்பது வம்புக்கான தகவல் இல்லை, உயிர்போகிற தகவல். 2025 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டத்துப் பையன் ஒருவனை, என் தொழில்காரன், பாளையங்கோட்டையில் வைத்துச் சாதி மாறிய காதலுக்காக வெட்டினார்கள் என்று வழக்கு நடக்கிறது. அந்தச் சம்பவத்துக்கும் இணையப் பதிவுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இப்படிப்பட்ட ஊர்களின் பேச்சுக் கணக்கு இரண்டு வருஷத்துக்கு எங்கோ அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திறந்தவர் யாரென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பதிவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிர்க்கடன் விழுந்த மறுநாள், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஏமாற்றிப் பணத்தை உருவுகிறவனைப் பிடிக்கப் போலீஸ் தேடுவது இதே ஐ.பி.டி.ஆரைத்தான். அந்தப் பணத்தைப் பறிகொடுத்தவர் வீட்டில் போய் அந்தரங்க உரிமை பற்றி வகுப்பெடுக்க முடியாது.

அப்படியென்றால் நம் நோட்டு ஒன்றை நம்மிடம் கொடு என்று கேட்கலாமா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிம் கார்டு அப்பா பெயரில் இருக்கும், போன் மகள் கையில் இருக்கும். மனைவி பேசுவது கணவன் பெயரில் வாங்கிய இணைப்பில். 'வாடிக்கையாளருக்கு அவருடைய பதிவுகள்' என்று கொடுத்தால், அது மகளின் ராத்திரிகளை அப்பாவிடம் பட்டியல் போட்டுக் கொடுப்பதாகிவிடும். அரசிடமிருந்து மீட்ட நோட்டை வீட்டு ஆம்பளையிடம் கொடுப்பது விடுதலை ஆகாது.

ஆகவே நமக்கு வேண்டியது போன இடங்களின் நோட்டு இல்லை. நோட்டைத் திறந்தவர்களின் நோட்டு. எந்தத் தேதியில், எந்த அலுவலகம், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் இந்த எண்ணின் பதிவைக் கேட்டது என்கிற நான்கு வரி. என் தொழிலில் இது சாதாரணம். வாடிக்கையாளர் விவரத்தை ஒரு ஊழியர் திறந்தால், திறந்தது யார், எப்போது என்பது தானாகவே பதிவாகும். திறந்தவரால் அதை அழிக்க முடியாதபடி வைப்பதுதான் முறை. இடைமறிக்கப்பட்டவருக்கு, உத்தரவு முடிந்த 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஒட்டுக்கேட்புச் சட்டம் சொல்கிறது, நீதிமன்றம் தள்ளிவைக்கலாம். ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் பின்னறிவிப்பு உண்டு. துப்பு கெட்டுவிடும் என்ற வாதம், விசாரணை முடிந்த பிறகு நிற்காது.

நம்மிடம் இருப்பது 2023-ஆம் வருஷத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் உயிர்பெறும். அதன் 11-ஆம் பிரிவு, நம் தரவு யார் யாருக்குப் பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. அடுத்த உட்பிரிவிலேயே, குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் சட்டப்படி எழுதிக் கேட்டு வாங்கியவர்களுக்கு அது பொருந்தாது என்று பிடுங்கிக்கொள்கிறது. விசாரணை நடக்கும்வரை என்று ஒரு காலவரம்பு அங்கே இருந்திருந்தால் போதும். இல்லை.

திருத்த வேண்டியது இந்த இரண்டு இடங்கள். 11-ஆம் பிரிவின் அந்த உட்பிரிவுக்கு ஒரு காலவரம்பு. இடைமறிப்பு விதிகளில், பேச்சை அழியுங்கள், உத்தரவை வைத்திருங்கள் என்று ஒரு வாக்கியம், குறைந்தது நம் பதிவுகள் வாழும் அதே இரண்டு வருஷத்துக்கு. இதைக் கேட்க ஆர்வெல்லை வாசித்திருக்க வேண்டியதில்லை, வி.பி.என். போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பால் அட்டையில் லிட்டர் குறைந்தால் சொசைட்டிக்காரரிடம் சண்டை போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளங்க வைத்துவிடலாம். சித்தப்பாவிடம் போன தடவை இப்படித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நோட்டு அவன்ட்ட மட்டுந்தான் இருக்கா?" என்று கேட்டார்.